திரௌபதியின் முறை

திரௌபதியின் உயிருக்கு விலை நான்கு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். இதை அவள் சொல்லவில்லை, அவள் புருஷன் துளசிங்கமும் சொல்லவில்லை. சிப்பிமேட்டுக் குப்பத்து வலைக்கூடத்தில் வெள்ளைத்துணி கட்டி, அதன்மேல் படம் காட்டி, கோட்டு போட்ட கங்காதரன் என்பவர் சொன்னார். ‘ஒரு நோயாளி, முதல் பரிசோதனையிலிருந்து கடைசி மாத்திரை வரை, நமக்குக் கொண்டுவரும் மதிப்பு’ என்று எழுத்து ஓடியது. பக்கத்தில் தொகை. ஏற்றிக் கேட்கவோ இறக்கிக் கேட்கவோ வழியில்லாமல் அச்சடித்த விலை. ஏரிக்கரையில் ஒரு கூடை நண்டுக்குக்கூட அப்படி ஓர் அநியாயம் நடந்ததில்லை.

அது உண்மையில் முதலீட்டாளர்களுக்குக் காட்ட வேண்டிய படம். குப்பத்துக்கென்று தயாரித்ததில் பூவும் குழந்தையும் புறாவும் இருந்தன. யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள். அது தெரிந்த பிறகும் கங்காதரன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தவறு நடந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் பதவியில் அது வழக்கமில்லை. கட்டிக்கொண்டிருக்கும் நீலக்கரை ஒருங்கிணைந்த புற்றுநோய் மையத்துக்கு அவர் திட்ட வளர்ச்சித் தலைவர்.

“உங்கள் வட்டாரத்தில் புற்றுநோய் மிக நல்ல வேகத்தில் வளர்ந்து வருகிறது” என்றார் கங்காதரன். பாராட்டுகிற குரல். “ஆனால் ஒரு வருத்தம். நோய் இங்கே வருகிறது, நோயாளி சென்னைக்குப் போய்விடுகிறார். இதை எங்கள் துறையில் கசிவு என்போம். அந்தக் கசிவை அடைக்கத்தான் திருப்பாலைவனம் சாலையில் நீலக்கரை எழும்புகிறது.”

“கசிவுன்னா தாரு பூசுங்க சார்” என்றான் பின்வரிசையிலிருந்து பால்ராஜ். அவன் திரௌபதியின் தம்பி. கூடம் சிரித்தது. கங்காதரனும் சிரித்தார். மக்கள் பங்கேற்பு என்று குறித்துக்கொண்டார்.

முன்வரிசையில் திரௌபதி உட்கார்ந்திருந்தாள். கரையில் இறால் ஏலம் விடுகிறவள். அவள் ‘ரெண்டாம் தரம்’ என்று இழுக்கும்போதே பொன்னேரி வியாபாரிகள் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பார்கள். அந்தக் குரல் நாலைந்து மாதமாகக் கம்மிக்கிடந்தது. தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லி, சிகிச்சை தொடங்கத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆடி கழிந்து வரும் முதல் திங்கள்.

“யாருய்யா கேட்டது அந்த வெல?” என்றாள் திரௌபதி கரகரத்த குரலில், துணியைக் காட்டி. “ஒரு தரம் ரெண்டு தரம்னு கூவாமலே மூணாந்தரம் முடிச்சிட்ட?”

கங்காதரன் குனிந்து பார்த்தார். முகத்தை அல்ல, தாடைக்குக் கீழே. கூடையை ஒதுக்கிவிட்டு அடியில் கிடக்கும் பெரிய வரியிறாலைப் பார்த்துவிட்ட வியாபாரியின் கண் அவருக்கு ஒரு கணம் வந்து போனது. அவர் கண்ணெதிரே, கேள்வி கேட்டுக்கொண்டு, ஒரு கசிவு உட்கார்ந்திருந்தது. கையசைத்து ஐஸ்வர்யாவைக் கூப்பிட்டார்.

ஐஸ்வர்யா பக்கத்துக் காட்டூர்ப் பெண். நெல் விளைவிக்கிற குடும்பம். நீலக்கரையில் அவள் வேலைக்கு ‘நோயாளர் வழித்துணை’ என்று பெயர். சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்களை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதே அந்த வழித்துணை. திரௌபதி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்து, ‘அக்கா’ போட்டுப் பேசினாள்.

“சென்னையில வரிசையில நின்னு சாகணும்கா. இங்க எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. காப்பீட்டு அட்டையை எங்ககிட்டப் பதிஞ்சிட்டா மீதிய நான் பாத்துக்குவேன்.”

“கரண்ட் வைக்கிற மிஷினு கீதாம்மா? பெரியாஸ்பத்திரில அத்ததான் வைக்கணும்னாங்க” என்று கேட்டான் துளசிங்கம்.

“மிஷினுக்கு ரூமு ரெடிணா. ஆறடி கனத்துல செவுரு. குண்டு போட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

கூடையைப் புகழ்கிறவனிடம், கையைப் பிடித்து நிறுத்தி, மீனைக் காட்டு என்று சொல்வதுதான் கரையில் பழகினவர்களின் முதல் பாடம். ஆனால் துளசிங்கம் மீன் பிடிக்கிறவன். விற்கிறவள் திரௌபதி. அன்றைக்கு அவளுக்குத் தொண்டை வலி. அட்டை கைமாறியது. ஐஸ்வர்யா அங்கேயே போனைப் போட்டு சென்னைத் தேதியை ரத்து செய்தாள்.

இந்த இடத்தில் குப்பத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் ஓடும் தடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லாத் தடத்திலும் எல்லாரும் வலை போட்டால் இறாலும் மிஞ்சாது, மண்டையும் மிஞ்சாது. ஆகையால் எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்று அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். முறை வந்த நாளில் அந்த இடத்தில் வலை இறங்கவில்லை என்றால் முறை செத்தது. அடுத்த சுற்றுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மச்சானோ பங்காளியோ அவன் பேரில் போய் உட்காருவான். பிடித்ததை உட்கார்ந்தவன் தின்னலாம். ஆனால் தின்ற முறையை இன்னொரு நாள் திருப்பியாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, பாடுகளின் கணக்கை எழுதுகிற சின்னதம்பி என்பவர் இந்தக் கொடுக்கல் வாங்கலை எல்லார் முன்னாலும் வாசிப்பார். அந்தக் கணக்கை எதிர்த்து எவனும் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போனதில்லை.

ஐப்பசியில் திரௌபதியின் போனுக்குச் செய்தி வந்தது. ‘வாழ்த்துகள்! உங்கள் பயணம் தொடங்குகிறது. வியாழன் காலை பத்து மணிக்குள் வராவிட்டால் வரிசையின் கடைசிக்கு மாற்றப்படுவீர்கள்.’

வியாழன் காலையில் திரௌபதிக்கு உடம்பு கொதித்தது. எழுந்து உட்கார்ந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி படுத்தாள். வெளியே மழை வேறு.

“இன்னா மே, ஆட்டோ சொல்லட்டா?”

“நிக்கவே முடியலய்யா. நீ போய் உக்காரு. எடம் காலியா கெடந்தா எவனாவது வலய எறக்கிடுவான். நாளைக்கு நான் வந்து மாத்திக்கிறேன்.”

அதில் துளசிங்கத்துக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நீலக்கரையின் வரவேற்பு மேசை படகு வடிவத்தில் இருந்தது. வட்டாரப் பண்பாட்டுக்கு மரியாதையாம். துடுப்பு மாட்டியிருந்த பக்கம் தப்பு. ஏரிக்காரர்கள் கண்டு களிக்க ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய சிங்கப்பூர் மீன். மூலையில் ஒரு வெண்கல மணி, குணமாகிப் போகிறவர்கள் அடிப்பதற்கு. இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. குணமாக்கும் பூங்கா இருந்தது, தியான மேடை இருந்தது, கனத்த சுவருக்குப் பின்னால் கதிர்வீச்சு இயந்திர அறை இருந்தது. அறைக்குள் இரண்டு சாந்துச் சட்டியும் ஒரு ஏணியும் இருந்தன.

“பேஷன்ட் பேரு?” என்றாள் மேசையிலிருந்த பெண்.

“திரௌபதிம்மா. அவ முறைக்கு நான் வந்துகீறேன். அவளுக்கு ஜொரம்.”

பெண் திரையைவிட்டு நிமிரவில்லை. “திரௌபதி. நாற்பத்தெட்டு வயது. பெண். கையை நீட்டுங்க.”

நீட்டினான். மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி அழுத்தினாள். வெட்டினாலொழிய வராது. துளசிங்கத்துக்கு நிம்மதி. முறை கையில் வந்துவிட்டது.

அதற்கப்புறம் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தார்கள், பட்டை போகிற இடத்துக்கெல்லாம் அவனும் கூடப் போனான். முதலில் ஒரு நர்சு.

“மாதவிடாய் நின்னு எவ்ளோ நாள் ஆச்சு?”

துளசிங்கம் தரையைப் பார்த்தான். ஒருத்தர் முறைக்கு உட்கார்ந்தால் அவர் தரப்பில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். “ரெண்டு வருசம் ஆயிருக்கும்மா.”

“குழந்தைங்க?”

“ரெண்டு. பானுப்ரியாவக் கட்டிக்குடுத்தாச்சி. ரஞ்சித்து காட்டுப்பள்ளில, தொறமுகத்துல வேலைக்குப் போறான்.”

“ரெண்டும் சுகப்பிரசவமா?”

“ரெண்டாவது ரொம்ப பேஜாராப் பூட்ச்சும்மா. நான் வெளியதான் நின்னுக்கினு இருந்தேன்.”

நர்சு எல்லாவற்றையும் தட்டி முடித்து, அடுத்த அறையைக் காட்டினாள்.

இளம் டாக்டர் ஒருவர் அவன் கழுத்தைத் தடவினார். சென்னையில் எழுதிய காகிதத்தைப் படித்தார். மறுபடி தடவினார். காகிதத்தில் கட்டி இருந்தது, கழுத்தில் இல்லை.

“வலிக்குதா?”

“எனக்கு வலிக்கல டாக்டர். அவளுக்குத்தான் வலிக்குது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அங்கே மெத்தை நாற்காலி, இளநீல விளக்கு.

“நீங்க ‘அவளுக்கு’ன்னு சொல்றீங்க” என்றார் ஆலோசகர் பரிவோடு. “நோயைத் தன்கிட்டருந்து பிரிச்சி இன்னொருத்தர் மேல ஏத்திப் பேசுறது. இதுக்கு மறுப்புக் கட்டம்னு பேரு. ரொம்ப இயல்பானது. வெக்கப்படாதீங்க. அழணும்னா அழுங்க.”

திரௌபதி சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தது துளசிங்கத்தின் கண்ணில் நின்றது. குப்பத்தில் யாரும் அவனை அப்படி அழச் சொன்னதில்லை. அழுதான். ஒரே சந்திப்பில் நோயாளி மறுப்பைக் கடந்து துயரத்துக்கு முன்னேறிவிட்டதில் ஆலோசகருக்கு மகிழ்ச்சி.

கடைசியாக உணவு ஆலோசகர். விழுங்க முடிகிறதா என்று கேட்டாள். “எங்கம்மா, கஞ்சிதான் எறங்குது” என்றான் திரௌபதிக்காக. காலையிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. நாஷ்டா என்று ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்தார்கள். தின்றான். அவள் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள்: விழுங்கும் திறனில் வியக்கத்தக்க முன்னேற்றம்.

ஜுரம் இறங்கியதும் திரௌபதி கிளம்பிவிட்டாள். இருவருமாகப் போனார்கள். வாசலில் காவலாளி மறித்தான்.

“பட்டை யாருக்கு? உனக்கா? நீ உள்ள போ. யம்மா, நீ கூட வந்தவங்களா? இந்தா.” பச்சை அட்டை ஒன்றை அவள் கழுத்தில் மாட்டினான். அட்டை சரியாகக் கட்டியின் மேல் போய் உட்கார்ந்தது. அதில் ‘உடனிருப்பவர்’ என்று எழுதியிருந்தது.

“யோவ், நோவு எனக்குய்யா! இவுரு ஊட்டுக்காரரு, முறைக்கு உக்காந்தவரு.”

“அதெல்லாம் மேசைல சொல்லு.”

மேசைக்குப் போனாள். பட்டையை அவிழ்த்துத் தன் கையில் மாட்டச் சொன்னாள். சிகிச்சை முடியும் முன் பட்டையை அவிழ்த்தால் பயணம் ரத்தாகும் என்றாள் அந்தப் பெண். அட்டையை நகர்த்தித் தாடையைக் காட்டினாள் திரௌபதி.

“உடனிருப்பவங்களை நாங்க பரிசோதிக்க முடியாதும்மா. வேணும்னா புதுசா பதிவு பண்ணிக்குங்க.”

“பண்ணு.”

“காப்பீட்டு அட்டை?”

“இந்தா.”

பெண் திரையைப் பார்த்தாள். “இந்த அட்டையில திரௌபதின்னு ஒருத்தர் ஏற்கெனவே சிகிச்சையில இருக்காங்களே.”

“அது நான்தான்டி!”

“அவங்க உள்ள ஸ்கேன்ல இருக்காங்கம்மா.”

அது உண்மை. துளசிங்கம் அப்போது வெள்ளைக் குழாய் ஒன்றுக்குள் மல்லாந்து, மூச்சைப் பிடி விடு என்று கேட்ட குரலுக்குக் கட்டுப்பட்டு, மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

திரௌபதியை உடனிருப்போர் வகுப்பில் உட்கார வைத்தார்கள். விழுங்க முடியாத நோயாளிக்குக் கஞ்சியை எப்படி மசிப்பது என்று அரை மணி நேரம் செய்து காட்டினார்கள். கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார்கள். அவளுக்கு அது பாதிதான் இறங்கியது. கூடவே ஒரு துண்டுத்தாள்: ‘உடனிருப்பவரே! பிறரைக் கவனிக்கும் நீங்கள் உங்கள் உடல்நலத்தையும் கவனியுங்கள்.’

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள், “என்ன மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போய்யா. இதுங்க கண்ணுக்கு நான் தெரியல.”

“கைல கீற முறைய உட்டுட்டா? அங்க தேதி போச்சி. மறுபடி கடைசில நிக்கணும். இவுங்க அடுத்த வாரம் பேர மாத்திடறோம்னு சொல்றாங்களே மே.”

“எவன் சொன்னான்?”

“திருத்தக் குழுன்னு ஒண்ணு கீதாம்.”

திருத்தக் குழு இருந்தது. கூடுவதற்கு உறுப்பினர்களை இன்னும் நியமிக்கவில்லை. ஐஸ்வர்யாவைத் தேடினார்கள், வடகரையில் கசிவு அதிகமென்று அங்கே அனுப்பியிருந்தார்கள். வாரா வாரம் துளசிங்கம் பட்டையோடு போனான். ஏரியில் அவனுக்கு வந்த முறைகளில் பால்ராஜ் உட்கார்ந்தான். தைக்குள் தாடைக்கடியில் கொட்டைப்பாக்கு எலுமிச்சம்பழமானது. திரௌபதி கரையில் ஏலத்துக்குப் போய், விரலை உயர்த்தி விலை காட்டினாள். குரல் இல்லாதவளிடம் வியாபாரிகள் துணிந்து குறைத்துக் கேட்டார்கள். இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் போகவில்லை.

நீலக்கரையில் எல்லாத் துறை டாக்டர்களும் ஒரே மேசையில் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் முடிவெடுக்க ஒரு குழு உண்டு. மேசை நீளம், நோயாளி ஒருவர்தான். பதிந்த மற்ற நோயாளிகள் இயந்திரம் வரட்டும் என்று வீட்டிலிருந்தார்கள். சுவரில் இரண்டு படங்கள் போட்டார்கள். சென்னையில் எடுத்தது: கட்டி உண்டு. நீலக்கரையில் எடுத்தது: கட்டி இல்லை. இளம் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“சார், நாம இன்னும் எந்தச் சிகிச்சையும் கொடுக்கல.”

மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த கங்காதரன் மெல்ல எழுந்தார். அவர் முகத்தில், ஓட்டைப் படகை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவனின் சாந்தம் இருந்தது.

“அதுதான் டாக்டர் சாதனை. ஆலோசனை கொடுத்தோம். உணவு கொடுத்தோம். பூங்கா கொடுத்தோம். இயந்திரம் இல்லாமலே முழுக் குணம். உலகமே இதைத் தேடிக்கொண்டிருக்கிறது.”

அந்த வாரமே இயந்திரம் வாங்கும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மிச்சமான பணத்தில் பூங்காவை விரிவாக்க முடிவானது.

மாசியில் விழா. பந்தல், நாதஸ்வரம், முதலீட்டாளர்கள். மணியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பூச்சுற்றியிருந்தார்கள். இன்றைக்குத்தான் பெயர் மாற்றம், பெரியவர்கள் எல்லாம் வருகிறார்கள் என்று சொல்லித் துளசிங்கத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். திரௌபதி மூன்றாவது வரிசையில், கழுத்தில் சால்வையும் அதற்கு மேல் பச்சை அட்டையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“இப்போது நமது முதல் வெற்றியாளர் திரௌபதி அம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்” என்றார் கங்காதரன்.

இரண்டு பேர் துளசிங்கத்தின் பட்டையைச் சரிபார்த்து மேடையில் ஏற்றினார்கள். பொன்னாடையை விரித்த கங்காதரனின் கை நின்றது. எதிரே இருந்த ஆளுக்கு மீசை இருந்தது. கையிலிருந்த காகிதத்தில் பெண் என்று இருந்தது. மீசைக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு நொடி பேரம் நடந்தது. மீசை தோற்றது. பொன்னாடை தோளில் விழுந்தது.

வடகரையிலிருந்து விழாவுக்கு வந்திருந்த ஐஸ்வர்யா மேடையின் படியில் ஏறி, அவர் காதருகே பதறினாள். “சார், இவர் திரௌபதி இல்ல. அக்கா அதோ, மூணாவது வரிசையில. எனக்கு நல்லாத் தெரியும் சார், நான்தான் சேர்த்துவிட்டேன்.”

கங்காதரன் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே உதடு அசையாமல் பேசினார். “நீ சேர்த்தது திரௌபதியை. குணமானது திரௌபதி. இடையில் என்ன குழப்பம்?”

“சார், மீசை!”

“சில மருந்துக்கு முடி வளரும்.”

“நாம மருந்தே கொடுக்கலையே சார்.”

“அப்படியானால் பக்கவிளைவும் இருக்க முடியாது. கீழே இறங்கும்மா. அடுத்த மாதம் உன் வேலை நிரந்தரமாகிறது.”

ஐஸ்வர்யா இறங்கினாள். மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் பந்தலுக்கு வெளியே போய் நின்றாள்.

கங்காதரன் ஒலிபெருக்கிக்குத் திரும்பினார். “முன்பெல்லாம் மருத்துவமனை இயந்திரத்தை வாங்கியது, பிறகு நோயாளியைத் தேடியது. அது பழைய போக்கு. இன்று நாம் முதலில் தேடுவது முடிவை. முடிவைத் தீர்மானித்துவிட்டால் நோயாளி தானாகப் பொருந்துவார். நீலக்கரையில் குணமாகும் விகிதம் நூற்றுக்கு நூறு! நாட்டில் எந்தப் பெரிய மருத்துவமனையாவது இதைச் சொல்ல முடியுமா? அவர்களால் முடியாது. ஏனென்றால் அவர்கள் நோயாளிகளைக் கணக்கில் சேர்க்கிறார்கள். நாங்கள் திட்டமிட்டுச் சேர்க்கிறோம்.”

முதலீட்டாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒலிபெருக்கியைத் துளசிங்கத்திடம் நீட்டினார்கள்.

“இது எனக்கு இல்ல சார்” என்றான் துளசிங்கம். மூன்றாவது வரிசையைக் கைகாட்டினான். “அவளுக்கு. அதோ உக்காந்துகீறா பாருங்க, அவளுக்குத்தான் எல்லாம். அவளப் பாருங்க சார். யாராவது அவளப் பாருங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சபை நெகிழ்ந்துவிட்டது. “வெற்றியைக்கூடத் தன்னைக் கவனித்துக்கொண்டவருக்கு அர்ப்பணிக்கிற இந்த உள்ளம்!” என்றார் கங்காதரன். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் திரௌபதிக்கு ஒரு மரக்கன்று கொடுத்தாள். திரௌபதி வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். காற்றுதான் வந்தது. துளசிங்கத்தின் கையைப் பிடித்து மணியை அடித்தார்கள். நல்ல வெண்கலம். நாதம் வெகுநேரம் நின்றது.

மணி அடித்ததும் பட்டையை வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவளைச் சென்னைக்குக் கொண்டுபோனான். காப்பீட்டு அட்டையின் கணக்கில் நோய் முற்றிலும் நீங்கியது என்று இருந்தது. ஒதுக்கிய தொகை செலவாகியிருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அட்டையை ஓரமாகத் தள்ளினார். திரௌபதியின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அந்தக் கழுத்தைத் தொட்ட முதல் டாக்டர் அவர்தான்.

“ஆடி முடிஞ்சதும் தேதி கொடுத்திருந்தேனே. ஏம்மா வரல?”

திரௌபதி புருஷனைப் பார்த்தாள். அவன்தான் பதில் சொல்ல வேண்டியவன். இத்தனை நாள் அவளுக்காக எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவன் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

படுக்கை கொடுத்தார்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். பங்குனி முடிவதற்குள் பால்ராஜ் வேன் பிடித்து அக்காவைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தான். அன்று கரையில் ஏலம் நடக்கவில்லை. வியாபாரிகள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

காரியம் முடிந்த வாரம் அவள் போன் அடித்தது. துளசிங்கம் எடுத்தான்.

“வணக்கம், திரௌபதி மேடம்! நீலக்கரையிலிருந்து பேசுறோம். எப்படி இருக்கீங்க?”

“அவ பூட்டாம்மா.”

“எங்க போயிருக்காங்க?”

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. “பரவால்ல சார், வெளியூர்னு போட்டுக்கிறேன். நல்லா நடமாடுறாங்கன்னு அர்த்தம். வாழ்த்துகள் சொல்லிடுங்க.”

அந்த வாரமே திருப்பாலைவனம் சாலையில் பெரிய பலகை ஒன்று எழுந்தது. பொன்னாடை போர்த்திய துளசிங்கம் அதில் அழுதுகொண்டு மணி அடித்தான். கீழே நீலக்கரையின் கணக்கு: சேர்ந்தவர் ஒருவர், குணமானவர் ஒருவர், பாக்கி இல்லை.

ஆனியில் அம்மன் கோயில் முன்னால் பாடுகளின் கணக்கை வாசித்தார்கள். சின்னதம்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படித்தார். துளசிங்கத்தின் முறைகளில் பால்ராஜ் உட்கார்ந்ததும், கோடையில் அத்தனையும் திருப்பியதும் நேரானது.

“வேற யாருக்காவது யாருகிட்டயாவது பாக்கி கீதா?” என்று வழக்கப்படி கேட்டார்.

துளசிங்கம் எழுந்தான். “எங்கிட்ட ஒண்ணு கீது.”

“யாரு முறை?”

“திரௌபதி முறை. ஆஸ்பத்திரில.”

பால்ராஜ் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். “மாமா, நீ உக்காரு. அண்ணே, அத்த அந்த கோட்டுக்காரன் பேர்ல எழுது. அவன்தான் தின்னான்.”

சின்னதம்பி யோசித்தார். அவருக்கும் அப்படி எழுதத்தான் ஆசை. “சீட்டுல பங்கு இல்லாதவன் பேர்ல எப்டி எழுதறது பால்ராஜு? நாளைக்கு அவன வந்து திருப்புடான்னு கேட்டா வருவானா? அவன் நம்ம கணக்குலயே இல்லையேப்பா.” துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார். “உக்காந்தது யாரு?”

“நான்.”

“தின்னது?”

“நான்தாண்ணே. ரெண்டு இட்லி. ஒரு பொன்னாட.”

யாருக்குத் திருப்ப வேண்டும் என்பது வழக்கத்தில் அடுத்த கேள்வி. சின்னதம்பி அதைக் கேட்கவில்லை. எழுதினார். எழுதியதை எல்லார் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும் என்பது சட்டம், வாசித்தார்.

“துளசிங்கம். உட்கார்ந்தது, திரௌபதியின் முறை: ஒன்று. திருப்பியது: இல்லை. பாக்கி: ஒன்று.”